லாங்-ஈஸி விமானத்தில் எர்த்துக்குத் தனி வயர் எதற்கு?

லாங்-ஈஸி என்பது வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சிறிய விமானம். எர்த் என்பது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. கார் போல உடலையே எர்த்தாக வைக்கலாமே என்கிறீர்கள். அலுமினிய விமானத்தில் சரி. லாங்-ஈஸியின் உடல் கண்ணாடியிழை, அதில் மின்சாரம் ஓடாது. பலர் பேட்டரியை மூக்கில் வைக்கிறார்கள், எஞ்சினோ பின்னால். ஸ்டார்ட்டருக்குப் போகவும் வரவும் தடித்த கேபிள்தான் வழி. எடை கூடும், வேறு வழியில்லை.

மற்றக் கருவிகளின் எர்த் வயர்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து முடியுங்கள். ஆளுக்கொரு இடத்தில் முடித்தால் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் ஹெட்செட்டில் விசிலடிக்கும். எஞ்சின் வேகம் கூடக்கூட விசிலும் ஏறும். பிறகு அதைத் தேடிப் பிடிப்பது பெரிய தலைவலி.

அப்புறம், சாதாரண பிவிசி வயர் வேண்டாம், எரிந்தால் நச்சுப்புகை. டெஃப்செல் என்ற, வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் உறை போட்டதே நல்லது. ஃபியூஸ் முக்கியமாகக் காப்பது கருவியை அல்ல, வயரை. 22 கேஜ் என்னும் மெல்லிய வயருக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுவது வழக்கம்.