முதலாளி எந்தக் கட்சி? கடையில் ஸ்டூல் இருக்கிறதா?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. கடைக்காரரோ கம்பெனியோ நமக்குப் பிடிக்காத கட்சிப் பக்கம் நின்றால் அங்கே வாங்கலாமா, கூடாதா? அதனால் மெத்தை, இன்வெர்ட்டர் கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கேள்வி: இருபது வருடமாக நான் வாங்கும் சோப்பின் கம்பெனி ஒரு கட்சிக்குக் கோடி கோடியாகக் கொடுத்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் சோப்பு உறையைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். சோப்பின் பெயர் ஒன்றாக இருக்கும், கம்பெனியின் பெயர் வேறாக இருக்கும். தேட வேண்டியது கம்பெனியின் பெயரை.

அப்புறம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்துக்குப் போங்கள். கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் வங்கி வழியாகக் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க உதவிய தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று தீர்ப்பளித்தது. பத்திரத்தை யார் வாங்கினார்கள், எந்தக் கட்சி பணமாக்கியது என்ற பட்டியலை மார்ச் 14 அன்று ஆணையம் வெளியிட்டது. எந்தப் பத்திரம் எந்தக் கட்சிக்குப் போனது என்று பொருத்திப் பார்க்க உதவும் எண்கள் மார்ச் 21 அன்று வந்தன. 2019 ஏப்ரல் 12-க்குப் பிந்தைய பத்திரங்கள்தான் அதில் உண்டு. இது போக, 20,000 ரூபாய்க்கு மேல் யார் யார் கொடுத்தார்கள் என்று கட்சிகள் வருடா வருடம் ஆணையத்துக்குக் கொடுக்கும் கணக்கும் அங்கேயே கிடைக்கும். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் அதன் ஆண்டறிக்கையையும் பார்க்கலாம். அரசியல் நன்கொடை கொடுத்திருந்தால் கணக்கில் காட்டியாக வேண்டும்.

நானும் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்த்தேன். அதிகமாகப் பத்திரம் வாங்கியது கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனம், 1,368 கோடி ரூபாய்க்கு. அந்தப் பணம் ஒரு கட்சிக்கு மட்டும் போகவில்லை, ஒன்றுக்கொன்று எதிரான பல கட்சிகளுக்குப் போயிருக்கிறது. இப்படி நாலு பக்கமும் கொடுத்த கம்பெனிகள் அதில் இன்னும் பல உண்டு. ஆகவே ‘அவன் இந்தக் கட்சிக்காரன்’ என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் முழுசாகப் பாருங்கள். பார்த்த பிறகும் மனசு ஒப்பவில்லையா, சோப்பை மாற்றுங்கள். உங்கள் காசு, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: போன மாதம் ஒரு டிவி வாங்கினேன். அந்தக் கம்பெனி முதலாளி அரசியல் பேசிய வீடியோவை நேற்றுதான் பார்த்தேன், வயிறெரிகிறது. திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க முடியுமா? – வாசகர், பேட்டை

பதில்: முடியாது. டிவியில் பழுது இருந்தால் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் தெருக் குழுவில், முனையில் இருக்கும் மளிகைக் கடையில் யாரும் வாங்கக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். அவர் வேறு மதம், வேறு கட்சி என்பதைத் தவிர ஒரு காரணமும் சொல்லவில்லை. கொரோனா சமயத்தில் மூன்று மாதம் எங்களுக்குக் கடன் கொடுத்தவர் அவர். வாங்கினால் தெருவில் பேச்சு வருகிறது. – வாசகி, சங்கரன்கோவில்

பதில்: அங்கேயே வாங்குங்கள் அம்மா. வாங்குவதோடு, அதே குழுவில் ‘நான் அங்கேதான் வாங்குகிறேன், எடை சரியாக இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதியும் போடுங்கள். உங்களைப் போல வாயைத் திறக்காமல் இருக்கும் நாலு வீடு அந்தத் தெருவில் கட்டாயம் இருக்கும்.

ஒரு கம்பெனி செய்த காரியம் பிடிக்காமல் அதன் பொருளை ஒதுக்குவதை நான் மதிக்கிறேன். ஒரு மனுஷர் எந்த வீட்டில் பிறந்தார் என்று பார்த்து அவருடைய பிழைப்பைக் கெடுப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பெரிய கம்பெனிக்கு நம் தெருவே போனாலும் தெரியாது. மளிகைக் கடைக்காரருக்குப் பத்துக் குடும்பம் போனால் சரக்கு எடுக்கக் காசு இருக்காது.

எங்கள் பக்கத்திலும் இப்படி ஒன்று நடந்தது. தேர்தலன்று ஒரு கட்சியின் பூத் ஆட்களுக்கு டீ கொடுத்தார் என்று ஒரு டீக்கடைக்காரர் மேல் புகார் கிளம்பியது. அவர்கள் ஆர்டர் சொன்னார்கள், இவர் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கினார், அவ்வளவுதான் நடந்தது. காலை ஆறு மணிக்குப் பெஞ்சில் இடம் கிடைக்காத கடை அது. இரண்டு மாதத்தில் பாய்லரை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போய்விட்டார். அந்த இரண்டு மாதமும் நானும் பேச்சுக்குப் பயந்து அங்கே போகவில்லை. போயிருக்க வேண்டும்.

கேள்வி: தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வேண்டும். நாங்கள் வழக்கமாகப் போகும் பெரிய ஜவுளிக்கடையின் முதலாளி இப்போது ஒரு கட்சிக்கு நெருக்கமாகிவிட்டார், அங்கே கால் வைக்கக் கூடாது என்கிறான் அண்ணன். அம்மா அங்கேதான் எடுக்க வேண்டும் என்கிறாள். யார் சொல்வது சரி? – வாசகி, சேரன்மகாதேவி

பதில்: உங்கள் அண்ணனுக்கு ஒரு கேள்வி. அந்தக் கடையில் சேலை எடுத்துப் போடும் பிள்ளைகள் உட்கார ஸ்டூல் இருக்கிறதா என்று எப்போதாவது பார்த்திருக்கிறாரா?

போன வருடம் ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒரு பெரிய கடையின் இரண்டாவது மாடியில் நின்றிருந்தேன். இருபது வயது இருக்கும், ஒரு பெண் எனக்கு முன்னால் வந்தவர்களுக்கு முப்பது சேலைக்கு மேல் விரித்துக் காட்டிவிட்டு, அத்தனையையும் மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கும்போதே இடது காலைச் செருப்பிலிருந்து உருவி, வலது கணுக்காலில் வைத்துத் தேய்த்தாள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும் கால் செருப்புக்குள் போய்விட்டது. “ஆள் இல்லாத நேரம் கொஞ்சம் உட்காரேம்மா” என்றேன். “மேல கேமரா இருக்குக்கா” என்றாள். தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

இதற்குச் சட்டம் இருக்கிறது. கேரளம் 2018-ல் கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்து, 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலை நேரம் முழுவதும் நின்றே தீர வேண்டிய நிலை வராதபடி ஊழியர் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பத்து மணி நேரம் நின்றால் நரம்பு சுருட்டிக்கொள்ளும், முழங்கால் வீங்கும் என்பதைச் சட்டம் போட்டவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பல கடைகளில் ஸ்டூல் எங்கே கிடக்கிறது? நாம் உட்கார்ந்து சேலை பார்க்கக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் கிடக்கிறது. அந்தப் பக்கம் இல்லை. சில இடங்களில் ஒன்றே ஒன்றைப் போட்டு அதன் மேல் அட்டைப்பெட்டியை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒரு முதலாளியின் அரசியலைத் தெரிந்துகொள்ள அவர் எந்த மேடையில் ஏறினார் என்று தேட வேண்டாம். தன்னிடம் சம்பளம் வாங்கும் பிள்ளையை உட்கார விடுகிறாரா என்பது கடைக்குள் நுழைந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கல்யாணப் பட்டு எடுக்கப் போகிறீர்கள், லட்சக் கணக்கில் வாங்கப் போகிறீர்கள். அன்றைக்கு மேனேஜர் உங்கள் பேச்சைக் கேட்பார். “இந்தப் பிள்ளைகளுக்கு ஸ்டூல் எங்கே?” என்று சத்தமாகக் கேளுங்கள். அந்தப் பெண்ணைச் சுட்டிக் காட்டிக் கேட்காதீர்கள், நாளைக்கு அவளுக்குத்தான் திட்டு விழும். பொதுவாகக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள், ஏன் போகிறோம் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். தொழிலாளர் துறையில் புகாரும் கொடுக்கலாம். அண்ணன், அம்மா இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: ‘நம்ம கொள்கைக்காரர் நடத்தும் கடை’ என்று இன்ஸ்டாகிராமில் பார்த்துக் கட்சிக் கரை வேட்டி ஆறுக்கு 4,800 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். வேட்டி வரவில்லை, போனை எடுக்கவில்லை. போன வருடமும் இதே மாதிரி ஒரு ஷூவில் ஏமாந்தேன். – வாசகர், வள்ளியூர்

பதில்: முகவரி இல்லை, பில் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. இருந்தது கொடி ஒன்றுதான், அதைப் பார்த்துப் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். அதுவும் இரண்டாவது தடவை. இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் போட்டுச் சொல்லுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வழி உண்டு. எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் அதைச் செய்திருக்கலாம்.

கேள்வி: வ.உ.சி. படமும் ‘சுதேசிப் பொருளையே வாங்குவோம்’ என்ற வாசகமும் போட்ட பாக்கெட்டில் கருப்பட்டி வாங்கினேன். உடைத்தால் உள்ளே சீனி மினுமினுக்கிறது. பேரனுக்குக் காப்பி போட வாங்கியது. கடைக்காரர் ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று போர்டைக் காட்டுகிறார். எனக்கு 68 வயது, கோர்ட்டுக்கு அலைய முடியாது. – வாசகி, திசையன்விளை

பதில்: அம்மா, பனை நிற்கும் தேரிக்காட்டுப் பக்கத்திலேயே உங்களுக்குச் சீனிக் கருப்பட்டியை விற்றிருக்கிறார்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனை ஏறி, பதநீர் இறக்கி, மணிக்கணக்கில் காய்ச்சி எடுப்பவர்களுக்குக் கிடைத்த பெயர் அது. சீனியைக் கலந்து விற்கிறவர் உங்களையும் ஏமாற்றுகிறார், அந்தப் பனையேறிகளின் கூலியையும் பிடுங்குகிறார்.

அந்தப் போர்டுக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே. மீதிக் கருப்பட்டியையும் பாக்கெட்டையும் தூக்கிப் போடாதீர்கள். பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள், மாதிரி எடுத்துச் சோதிப்பது அவர்கள் வேலை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேரனை விட்டுப் பேசச் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தாலும் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை.

அந்தப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு என்று திட்டம் போட்டு, ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறேன், குடையும் தருகிறேன் என்றது. அதற்கு எதிராகக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினவர்கள் நம் ஜனங்கள். அந்த முகத்தைச் சீனிக் கருப்பட்டியின் மேல் ஒட்டியிருக்கிறார்கள்.

நானும் இந்த வார்த்தைக்கு மயங்கியிருக்கிறேன். ‘முழுக்க நம் நாட்டுத் தயாரிப்பு’ என்று பெட்டியில் கொடி போட்ட மிக்சி ஒன்றை, நாலு கடையில் விசாரிக்காமல், அந்த வரிக்காகவே வாங்கினேன். நாலாம் மாதம் தோசை மாவு அரைக்கையில் புகைந்தது. பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்தில் மோட்டாரைக் கழற்றினார்கள், அதில் வேறு நாட்டின் பெயர் இருந்தது. திருநெல்வேலியில் சர்வீஸ் சென்டரும் கிடையாது. அன்றிலிருந்து பெட்டியின் முன்பக்கத்தை நான் படிப்பதில்லை, பின்பக்கத்தைத்தான் படிக்கிறேன்.

கேள்வி: 2017-ல் எங்கள் கடையில் பெப்சி, கோக் விற்பதை நிறுத்தினோம். அப்புறம் எல்லாக் கடையிலும் திரும்ப வந்துவிட்டது. இப்படி ஒதுக்குவதால் ஏதாவது பயன் உண்டா? – பெட்டிக்கடைக்காரர், தாழையூத்து

பதில்: நீங்கள் நிறுத்தியதற்கு நன்றி. ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூட்டில் வணிகர் சங்கங்கள் அந்த வருடம் மார்ச் 1 முதல் விற்பனையை நிறுத்தச் சொன்னன. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் இந்தக் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதற்கு 2016 நவம்பரில் தடை விதித்திருந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மறுநாள் மார்ச் 2 அன்று, அந்தத் தடை கேட்ட வழக்கைத் தள்ளுபடி செய்தது. கொஞ்ச நாள் கோலி சோடாவும் பன்னீர் சோடாவும் நன்றாக ஓடின. அப்புறம் பழையபடி ஆகிவிட்டது.

எது நடந்தால் திரும்ப விற்போம் என்று அப்போது யாரும் தெளிவாகச் சொல்லவில்லை என்பது என் எண்ணம். இதே பக்கத்தில் 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு, வேலை நேரம், ஞாயிறு விடுமுறை என்று கேட்டது என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள், ஊரும் சேர்ந்துகொண்டது. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த முறை நிறுத்தும்போது, எதற்காக, எதுவரை என்று ஒரு அட்டையில் எழுதிக் கடை முன்னால் தொங்க விடுங்கள்.

கேள்வி: கைத்தறிச் சேலை விலை கூடுதல். ஆனாலும் கூட்டுறவிலேயே எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ‘இதிலும் அரசியலா’ என்கிறார் வீட்டுக்காரர். – வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: எடுங்கள். பக்கத்தில் வீரவநல்லூரில் தறி ஓடுகிறது, கூலி நம் ஊரிலேயே நிற்கும். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பில் கேட்டு வாங்குங்கள். கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைத் தள்ளுபடி உண்டு, விலைதான் தடை என்றால் அதுவரை பொறுக்கலாம். வீட்டுக்காரரையும் ஒரு நாள் வீரவநல்லூருக்குக் கூட்டிப் போய்த் தறிக்குழிப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள்.