தொப்பை குறைக்கும் கருவிகள்: வீட்டுக்கு எதை வாங்கலாம்?

கேள்வி: நான் ஆண், வயது 42, உயரம் 5 அடி 6 அங்குலம், இடுப்பளவு 98 செ.மீ. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. எப்போதாவது கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஒரு பாய் விரிக்கத்தான் இடம் இருக்கிறது. டம்மி டிரிம்மர் (காலால் மிதித்துக் கையால் இழுக்கும் ஸ்பிரிங்), ட்விஸ்டர் (மேலே நின்று திரும்பும் சுழல்தட்டு), ரோலர் (கைப்பிடியுள்ள சக்கரம்), அதிரும் பெல்ட், சிட்-அப் பெஞ்ச் ஆகியவற்றில் 3,000 ரூபாய்க்குள் எது வாங்கலாம்?

பதில்: இவற்றில் எதுவும் தொப்பையைக் கரைக்காது. வயிற்றுத் தசைக்கு வேலை கொடுத்தால் தசைதான் பலப்படும். அதன் மேலிருக்கும் கொழுப்பு, உடல் முழுவதும் குறையும்போதுதான் குறையும். அது நடையாலும் சாப்பாட்டாலும் நடக்கிற காரியம். இந்திய ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு இரண்டும் தேவை. கருவியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முதுகைக் கெடுக்காமல் வயிற்றுத் தசையைப் பலப்படுத்துமா?

அதிரும் பெல்ட்டில் தசை எந்த எடையையும் எதிர்த்து வேலை செய்வதில்லை. மின்துடிப்பு பெல்ட் தசையைச் சுருங்க வைக்கும், கொழுப்பைக் குறைக்காது. அப்படிப்பட்ட பெல்ட்களை விற்றவர்கள் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2002-லேயே வழக்குப் போட்டது. தினம் 3 நிமிடம் செய்தால் இரண்டே வாரத்தில் 10 பவுண்டு குறையும் என்று விளம்பரம் செய்த ‘ஆப் சர்க்கிள் ப்ரோ’ என்ற வயிற்றுப் பயிற்சிக் கருவியின் விவகாரத்தில், 2012-ல் வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்பித் தர வேண்டியதாயிற்று. நம் ஊர் டிவியில் அதே வசனம் இன்னும் ஓடுகிறது.

ட்விஸ்டர் தட்டில் தசைக்கு எதிர்ப்பே இல்லை, மூட்டுகள்தான் திருகப்படும். டம்மி டிரிம்மரில் ஸ்பிரிங்கின் கொக்கி தேய்ந்து விட்டுப்போனாலோ, கால் மிதி நழுவினாலோ, அது முகத்தை நோக்கித்தான் பாயும். சிட்-அப் பெஞ்சில் காலை மாட்டிக்கொண்டு எழும்போது வேலையில் பெரும்பங்கை இடுப்பை மடக்கும் தசை எடுத்துக்கொள்கிறது. அந்தத் தசை கீழ்முதுகு எலும்புகளில் ஒட்டியிருப்பதால் அங்கேதான் இழுக்கும். முதுகு பிடிக்கிறவருக்கு இது வேண்டாம்.

உங்களுக்கு ஒரு மேட்டும் (உடற்பயிற்சிப் பாய்) காற்றடிக்கும் பெரிய ஜிம் பந்தும் போதும். ரோலரைப் பிறகு பார்க்கலாம். சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகம் 2001-ல் 13 வயிற்றுப் பயிற்சிகளை அளந்து பார்த்தபோது, பந்தின் மேல் செய்யும் க்ரஞ்ச் (மல்லாந்து தோளை மட்டும் உயர்த்தும் பயிற்சி) முதல் மூன்றுக்குள் வந்தது. முதலிடம் பிடித்த, படுத்தபடி சைக்கிள் மிதிப்பதுபோல் செய்யும் சைக்கிள் க்ரஞ்சுக்குக் கருவியே தேவையில்லை.

உங்கள் உயரத்துக்கு 65 செ.மீ. பந்து. உறையில் ‘ஆன்டி-பர்ஸ்ட்’ என்று இருக்க வேண்டும். குத்துப்பட்டாலும் பட்டென்று வெடிக்காமல் மெல்லக் காற்று இறங்கும். முதல் நாளே முழுக்கக் காற்று அடிக்காதீர்கள். முக்கால் பங்குக்குச் சற்று மேல் அடித்து ஒரு நாள் விட்டால் ரப்பர் தளரும், மறுநாள் மீதியை அடிக்கலாம். பந்தைச் சுவரோரம் வைத்து, மேலே ஒரு அட்டையைக் கிடையாகப் பிடித்து, தரையிலிருந்து அளந்து பாருங்கள். 65-ஐத் தாண்டக் கூடாது. டைல்ஸ் தரையில் பந்து வழுக்கும் என்பதால் எப்போதும் மேட்டின் மேலேயே வையுங்கள். சாக்ஸ் வேண்டாம்.

பந்தில் உட்கார்ந்து, காலை மெல்ல முன்னே நகர்த்தி, கீழ்முதுகு பந்தில் பதியும்வரை சரியுங்கள். முழங்கால் 90 டிகிரி, கை மார்பின் குறுக்கே. தோள்பட்டை எலும்பு எழும்பினால் போதும், முழுக்க எழ வேண்டாம். மூச்சை விட்டபடி இரண்டு எண்ணி எழுந்து, மூன்று எண்ணி இறங்குங்கள். 10 முறை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். மேல்முதுகு பந்தில் இருந்தால் எளிதாகிவிடும், பயன் குறைவு. கழுத்து வலித்தால் தலையை இழுத்து எழுகிறீர்கள்.

முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்கை, இடுப்பு தொய்யாமல் 45 விநாடி பிடிக்க முடிந்த பிறகு ரோலர் வாங்கலாம். விலை குறைவானது, பலன் அதிகம், தவறாகச் செய்தால் முதுகுக்கு அடியும் அதிகம். ஒற்றை மெல்லிய சக்கரம் பக்கவாட்டில் ஆடும். அகலமான சக்கரமோ இரட்டைச் சக்கரமோ நல்லது. நடுத்தண்டு இரும்பாக இருக்கட்டும். கைப்பிடியைக் கடையிலேயே முறுக்கி இழுத்துப் பாருங்கள். வெறுமனே செருகிய ஃபோம் பிடி, வியர்வை பட்டதும் கழன்று வரும்.

மண்டியிட்டு, முழங்காலுக்கு அடியில் மேட்டை இரண்டாக மடித்துப் போடுங்கள். எதிரே சுவர் இருக்கட்டும். சக்கரம் இரண்டு அடி உருண்டதும் அதில் முட்டி நிற்கும் தூரத்தில் தொடங்குங்கள். பிட்டத்தை இறுக்கி இடுப்பை உள்வாங்கிய பிறகே உருட்ட வேண்டும். கைகளும் இடுப்பும் சேர்ந்து நகர வேண்டும். இடுப்பு பின்னாலேயே நின்றுவிட்டால் அது தோளுக்கான பயிற்சி. கீழ்முதுகில் பிடிப்பு தெரிந்தால் வயிறு கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். சுவருக்கு அரையடி நெருங்குங்கள். முதல் வாரம் ஐந்து முறை, இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வயிற்றுத் தசை இரண்டு நாள் வலிப்பது இயல்பு.

குடலிறக்கம், கட்டுப்படாத ரத்த அழுத்தம், காலுக்கு இறங்கும் முதுகுவலி இருப்பவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் பிரசவமானவர்களும் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது. உங்கள் முதுகுப் பிடிப்பு மாதம் ஒருமுறைக்கு மேல் வருமானால், பந்து வாங்கும் முன்பே ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள்.