சைக்கிள் ரிப்பேர்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: பஞ்சர் ஒட்டிய மறுநாளே, ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி காற்று இறங்குகிறது. சொல்யூஷன் சரியில்லையா?

பதில்: முதலில் டயரைச் சந்தேகப்படுங்கள். குத்திய முள்ளோ கண்ணாடித் துணுக்கோ பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். பழைய துணியை டயரின் உட்புறம் முழுக்க ஓட்டுங்கள், நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே பாருங்கள், வெறும் விரலை விட்டுத் தேடாதீர்கள், கிழித்துவிடும். டயர் சுத்தமாக இருந்தால்தான் ஒட்டைக் குறை சொல்லலாம். சொல்யூஷன் தடவியதும் பளபளப்பு மறையும்வரை பொறுத்திருக்க வேண்டும், எல்லாரும் அவசரப்படுவது இங்கேதான்.

கேள்வி: இடது பெடல் கழலவே மாட்டேன் என்கிறது. ஸ்பேனரில் இரும்புக் குழாய் மாட்டி அழுத்தலாமா அண்ணா?

பதில்: வேண்டாம், இடது பெடலுக்கு மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும், வழக்கமான பக்கம் பலம் கொடுக்கக் கொடுக்க இன்னும் இறுகும். செயினை முன்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் போட்டுவிட்டுத் திருப்புங்கள், கை நழுவினாலும் பல் கிழிக்காது. திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி முதல் சில சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். கோணலாக ஏறினால், பெடல் மாட்டும் தண்டான கிராங்கின் மரையே போய்விடும்.

கேள்வி: செயின் தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் வைத்து, உள்கண்ணி வெளிக்கண்ணி எல்லாம் சேர்த்து 24 எண்ணுங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். 1/16 அங்குலம் கூடிவிட்டால் மாற்றிவிடுங்கள், 1/8 வரை விட்டால் பின்சக்கரப் பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும்.

கேள்வி: டிஸ்க் பிரேக் கீச்சிடுகிறது, எண்ணெய் விடலாமா?

பதில்: ஒரு சொட்டுகூடக் கூடாது! பிரேக் பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் அப்புறம் பிடிக்காது. டிஸ்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள்.

கேள்வி: ரிம் பிரேக்குக்கு நானே புது வயர் போட்டேன். ஓட்டிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவது நல்லதுதான், ஓட்டாமலேயே சோதிக்கலாம். நின்றபடி பிரேக் பிடியை முழுப் பலத்தோடு பல தடவை அழுத்துங்கள். புது வயர் கொஞ்சம் தளரும், வயரைப் பிடித்திருக்கும் போல்ட் சரியாக இறுகாவிட்டால் அங்கேயே வழுக்கும், சாலையில் வழுக்குவதைவிட இங்கே வழுக்கட்டும். தளர்ந்ததை இழுத்து மறுபடி இறுக்குங்கள். பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படுகிறதா என்று குனிந்து பாருங்கள், டயரில் உரசினால் பக்கச் சுவர் அறுந்து டியூப் வெடிக்கும். கடைசியாக முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள். பின்சக்கரம் தூக்க வேண்டும், முன்சக்கரம் உருண்டால் இன்னும் ஏற வேண்டாம்.

கேள்வி: சக்கரக் கோட்டத்தையும் நானே எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் ஸ்போக்கை ரிம்மோடு பிடித்திருக்கும் சின்ன நட்டான நிப்பிளை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், திருப்பியதும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்த பிறகே அடுத்தது.