துருவப் பகுதிகள் பற்றிய பள்ளி நிகழ்ச்சிகளை எப்படி மேம்படுத்தலாம்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் அறிவியல் வகுப்பு எடுக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் இரண்டு துருவங்களையும் பிரித்துச் சொல்லுங்கள். பனிக்கரடியையும் பென்குயினையும் ஒரே படத்தில் நிறுத்தும் சார்ட்டுகளை எடுத்துவிடலாம். ஆர்க்டிக் என்பது நிலம் சூழ்ந்த கடல், அண்டார்க்டிகா கடல் சூழ்ந்த கண்டம். இது பிடிபட்டால் மீதி தானாக வரும்.

நான் நம்பிச் செய்வது ஒரு சோதனை. இரண்டு கண்ணாடி டம்ளரில் பாதியளவு தண்ணீர். ஒன்றில் ஐஸ் கட்டியை மிதக்கவிடுங்கள். இன்னொன்றில், தண்ணீருக்கு மேல் தலை நீட்டும் ஒரு கல்லின் மீது ஐஸ் கட்டியை வையுங்கள். நீர்மட்டத்தை மார்க்கரால் குறித்துவிட்டு, எது ஏறும் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். விடையை முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது, அதுதான் முக்கியம். பலரும் இரண்டுமே ஏறும் என்பார்கள். உருகி முடிந்ததும் கல் வைத்த டம்ளரில் மட்டும்தான் மட்டம் ஏறியிருக்கும். மிதக்கும் ஐஸ் ஆர்க்டிக் கடல்பனி மாதிரி, கல் மேல் இருப்பது நிலத்தின் மேல் கிடக்கும் பனி மாதிரி என்று சொல்லுங்கள்.

அதன்பிறகு எண்களைச் சொன்னால் மனதில் நிற்கும். கிரீன்லாந்தின் நிலப்பனி முழுவதும் உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் உயரும், அண்டார்க்டிகாவுடையது என்றால் 58 மீட்டர் அளவுக்கு. இது நாளைக்கே நடப்பதல்ல, பல நூற்றாண்டுக் கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"அப்போ ஆர்க்டிக் கடல்பனி உருகினா பரவாயில்லையா சார்?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விதான் அடுத்த வகுப்பு. வெண்பனி வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், பனி விலகிய இடத்தில் கருமையாகத் தெரியும் கடல்நீர் பெரும்பகுதியை உள்வாங்கிச் சூடாகும், அந்தச் சூட்டில் இன்னும் பனி உருகும்.

பயமுறுத்தி மட்டும் முடிக்கும் நிகழ்ச்சிகள் எனக்குப் பிடிக்காது. அண்டார்க்டிகா மேலே ஓசோன் ஓட்டை இருப்பதை 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1987-லேயே, ஓசோனை அரிக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியால் ஒப்பந்தம் வந்தது, ஓசோன் படலம் இப்போது மெல்லத் தேறிவருகிறது. இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம் மனிதர்கள். ஆர்க்டிக்கில் இனுயிட், சாமி என்ற பழங்குடி மக்கள் உட்பட சுமார் 40 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அண்டார்க்டிகாவில் நம் நாட்டின் மைத்ரி, பாரதி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே விஞ்ஞானிகளோடு சமையல்காரர், மருத்துவர், மெக்கானிக் எல்லாரும் போகிறார்கள். கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம்தான் இந்தப் பயணங்களை நடத்துகிறது. அண்டார்க்டிகாவில் குளிர்காலம் முழுக்கத் தங்கிவந்த ஒருவரை வீடியோ அழைப்பில் பேசவைக்க முடிந்தால், பிள்ளைகள் கேள்விகளை நிறுத்தவே மாட்டார்கள்.