மெய்யியலும் இலக்கியமும் சேர்த்து மேற்படிப்பு: வன்னியில் இருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

யாழ்ப்பாணக் கம்பஸில் மெய்யியல் சிறப்புக்கலை படித்து, அப்புறம் தமிழில் முதுதத்துவமாணி (எம்.பில்) செய்தவள் நான். இப்போது கிளிநொச்சியில் படிப்பிக்கிறேன். இந்த இரண்டு துறைகளையும் பட்டப்பின்படிப்பில் சேர்த்துப் படிப்பது பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம் என்றதும் நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, ஆட்களின் பெயரை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

மல்லாவி: அக்கா, நான் தமிழ் சிறப்புக்கலை இறுதி வருடம். முதுகலையில் மெய்யியலையும் சேர்த்துச் செய்ய விருப்பம். எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது?

தங்கச்சி, இங்கே பெரும்பாலும் ஒரு துறையில்தான் பதிய வேண்டிவரும். எந்தத் துறை என்பதை உங்கள் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும். ஒரு நூலை விளங்கிக்கொள்வதற்காக ஒரு கருத்தைத் துணைக்கு எடுக்கிறீர்கள் என்றால் தமிழ்த்துறை. நீதி, விதி, தன்னிலை போன்ற ஒரு கருத்தை விளங்கிக்கொள்ள ஒரு நூலைப் பிடிக்கிறீர்கள் என்றால் மெய்யியல்துறை. மற்றத் துறையில் இருந்து ஓர் இணை மேற்பார்வையாளரைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு துறைகளும் திருநெல்வேலியில் ஒரே கலைப்பீடத்தில் இருக்கின்றன, பேராதனையிலும் இரண்டும் உண்டு. வேறு பாடத்தில் பட்டம் எடுத்தவர்களிடம் தகுதிகாண் பரீட்சை கேட்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே துறைத்தலைவரைப் போய்ப் பார்த்துக் கதையுங்கள்.

இன்னும் இருவர் வன்னிக்குள்ளேயே படிக்க முடியாதா என்று கேட்டிருந்தார்கள். அறிவியல்நகரில் இருப்பவை விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் கலைப்பீடம் இல்லை. ஏ9 வீதியில் வடக்கே போகத்தான் வேண்டும். இது நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

வவுனியா: நான் ஆசிரியர். சனி, ஞாயிறுதான் நேரம் கிடைக்கும். முதுகலைமாணியா, முதுதத்துவமாணியா?

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், 30 திறமைப்புள்ளி. ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 திறமைப்புள்ளி. முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. சேர், உங்களுக்கு 10ஆம் மட்டம் பொருந்தும். வகுப்பில் இரண்டு துறையின் அடிப்படையும் கிடைக்கும், ஆய்வேட்டில் அவற்றை இணைத்துப் பார்க்கலாம். முதுதத்துவமாணி முழுக்க ஆய்வு. வார இறுதியில் மட்டும் செய்து முடிப்பது மிகக் கடினம்.

புதுக்குடியிருப்பு: உண்மையைச் சொல்லுங்கள் அக்கா. ஒரு கவிதையை எடுத்து அதன்மேல் சார்த்தர், தெரிதா என்று மெய்யியலாளர் பெயர்களை ஒட்டுவதைத்தானே 'இணைத்துப் படிப்பது' என்கிறார்கள்?

பல ஆய்வேடுகள் அப்படித்தான் இருக்கின்றன, அதில் எனக்கும் கவலை உண்டு. முதல் அத்தியாயத்தில் கோட்பாடு, இரண்டாவதில் நூல், மூன்றாவதில் 'பொருத்திப் பார்த்தல்'. அந்தக் கோட்பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் முடிவு மாறாது. அப்படி மாறாவிட்டால் அங்கே மெய்யியல் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இரண்டும் உண்மையாகவே சந்திக்கும் இடம் வேறு. பிளேட்டோ தன் 'குடியரசு' என்ற நூலின் பத்தாம் பகுதியில் கவிஞர்களை நகரத்துக்கு வெளியே நிறுத்துகிறார். ஆனால் அதை உரையாடலாக, பாத்திரங்களின் வாயில் வைத்து எழுதுகிறார். கவிதை தன்னைத் தற்காத்துக்கொண்டால் திரும்பி வரலாம் என்றும் இடம் வைக்கிறார். அவருடைய மாணவர் அரிஸ்டோட்டில், வரலாற்றைவிடக் கவிதையே மெய்யியலுக்குக் கிட்டியது என்று எழுதினார். நடந்ததை வரலாறு சொல்கிறது, நடக்கக்கூடியதைக் கவிதை சொல்கிறது என்பது அவர் காரணம். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. மார்த்தா நுஸ்பாம் போன்ற இன்றைய மெய்யியலாளர்கள், சில ஒழுக்க உண்மைகளை நாவலின் வடிவத்தில்தான் சொல்ல முடியும், கட்டுரையாகச் சுருக்கினால் அந்த உண்மையே கைநழுவிவிடும் என்று வாதிடுகிறார்கள்.

இன்னொரு கேள்வி. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். கோவலனைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகும்போது முன்வரிசையில் இருக்கும் அம்மாமார் சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைக்கிறார்கள். ஆடுவது அடுத்த வளவுப் பெடியன் என்று அவர்களுக்குத் தெரியும், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்றும் தெரியும். அப்படியானால் அந்தக் கண்ணீர் யாருக்கு? இல்லாத ஒருவருக்காக உண்மையாகவே துக்கப்பட முடியுமா? 1975இல் கொலின் ராட்ஃபோர்ட் என்ற மெய்யியலாளர் தோல்ஸ்தோயின் நாவல் நாயகி அன்னா கரேனினாவை வைத்து இதைத்தான் கேட்டார். புனைவின் முரண் என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தில் பெரும்பாலும் நாவல் வாசகர்தான் தனியாக இருந்து அழுகிறார். கூத்தில் ஊரே சேர்ந்து அழுகிறது, அதுவும் ஒவ்வொரு முறையும். இந்த வேறுபாடு அந்தக் கோட்பாட்டையே அசைக்கக்கூடும். நூல் கோட்பாட்டுக்கு உதாரணமாக இருக்கும்வரை ஒட்டுவேலைதான். நூல் திரும்பிக் கோட்பாட்டைக் கேள்வி கேட்கத் தொடங்கினால், அங்கே உங்கள் ஆய்வு இருக்கிறது.

கிளிநொச்சி: உயர்தரத்தில் அளவையியலும் (தருக்கம்) தமிழும் எடுக்கிறேன் மிஸ். இப்போதே எதை வாசிக்கலாம்?

மணிமேகலையின் 27ஆம், 29ஆம் காதைகளை உரையோடு வாசியுங்கள். 27இல் மணிமேகலை மாதவன், அதாவது ஆண் துறவி, வடிவில் வஞ்சி நகரத்துக்குப் போய் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை பத்துச் சமயவாதிகளிடம் கேட்கிறாள். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன் என்கிறான் பூதவாதி. உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். 29இல் அறவண அடிகள் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வழுக்களை வகைப்படுத்துகிறார். நீங்கள் வகுப்பில் படிக்கிற போலிகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல், இவ்வளவு தருக்கத்தையும் கேட்கிறவள் கையில் பசித்தவருக்குச் சோறிடும் அமுதசுரபியைச் சாத்தனார் ஏன் கொடுத்தார் என்றும் யோசியுங்கள். அதற்குப் பதில் தேடத் தொடங்கினால் இரண்டு பாடமும் ஒன்றாகிவிடும்.

முள்ளியவளை: எங்கள் ஊர்க் கண்ணகி வழிபாட்டை ஆராய விருப்பம். அதில் மெய்யியல் இருக்கிறதா, அல்லது அது நாட்டாரியலா?

இந்தக் கேள்வியைக் கண்டதும் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

சிலப்பதிகாரத்திலேயே தொடங்குங்கள். 'யானோ அரசன் யானே கள்வன்' என்று பாண்டியன் சொல்லும்போது அரசு என்றால் என்ன என்பதற்கு ஒரு வரையறை அங்கே ஒளிந்திருக்கிறது. நீதி தவறிய கணத்தில் அவன் கெட்ட அரசன் ஆகவில்லை, அரசனே இல்லாமல் போகிறான். சரி, அவன் இறந்துவிட்டான். பிறகும் ஏன் மதுரை எரிகிறது? பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகளை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் சேரும்படி தீக்குச் சொல்கிறாள் கண்ணகி. ஒரு நகரத்தில் யார் குற்றவாளி, யார் இல்லை என்று பிரிக்க முடியுமா? ஆட்சி செய்த பிழைக்கு அங்கே குடியிருந்தவர்களும் பொறுப்பா? அதன்பின் மதுராபதித் தெய்வம் வந்து வேறொரு காரணம் சொல்கிறது: முற்பிறப்பில் பரதனாக இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பழிசுமத்திக் கொல்வித்தான், சங்கமன் மனைவி நீலி இட்ட சாபம் இப்போது பலித்தது. இப்போது கோவலன் சாவுக்கு இரண்டு விளக்கம் இருக்கிறது, அரசன் பிழை என்றும் ஊழ் என்றும். ஊழ்தான் காரணம் என்றால் அரசனைக் குற்றம் சொல்ல முடியுமா? இளங்கோ இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார். நீங்கள் அங்கே மினக்கெட வேண்டும்.

அப்புறம் ஊருக்கு வாருங்கள். காப்பியத்தின் முடிவோடு நம் மக்கள் நிறுத்தவில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசியில் பொங்குகிறோம், அதற்கு முன் கடல்நீர் எடுத்து முள்ளியவளைக் காட்டுவிநாயகர் கோயிலில் விளக்கெரிக்கிறோம். மட்டக்களப்பில் சடங்கு, கண்ணகியின் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்தி பாடுவதோடு முடிகிறது. நியாயமான கோபம் நியாயம் கிடைத்த பிறகும் தணியாமல் இருந்தால் அதை என்ன செய்வது என்பதற்கு ஒரு சமூகம் சடங்காகச் சொன்ன பதில் இது. கோபம், மன்னிப்பு, நீதி பற்றி உலகம் முழுக்க மெய்யியலாளர்கள் எழுதுகிறார்கள். அந்த மேசையில் வைக்க உங்கள் ஊரில் பொருள் இருக்கிறது. நாட்டாரியல் முறைப்படி பாடல்களையும் சடங்கையும் சேகரியுங்கள், மெய்யியல் முறைப்படி கேள்வி கேளுங்கள். இரண்டில் எதையும் குறைக்காதீர்கள்.

ஒட்டுசுட்டான்: என் ஆங்கிலம் போதாது. ஏலுமா?

ஏலும். ஆய்வேட்டைத் தமிழில் எழுதலாம். பிளேட்டோவின் குடியரசை வெ. சாமிநாத சர்மா தமிழாக்கியிருக்கிறார். ஆனால் ஆங்கிலத்தை முழுக்க ஒதுக்கிவிட்டு இந்தத் துறையில் நிற்க முடியாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். வசனம் வசனமாகத் தமிழில் எழுதிப் பாருங்கள். ஒரு வருடத்தில் உங்கள் தமிழும் கூர்மையாகியிருக்கும்.

மாங்குளம்: நான் ஒரு தகப்பன். மகள் இதைத்தான் படிப்பேன் என்கிறாள். இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?

ஐயா, இந்த முதுமாணி தனியே எந்த வேலையையும் வாங்கித் தராது. முதல் பட்டத்தோடு ஆசிரியர் சேவைக்கும் நிர்வாக சேவைக்கும் போட்டிப் பரீட்சை எழுதலாம். பாடசாலைகளில் தமிழும் அளவையியலும் பாடங்களாக இருக்கின்றன. விரிவுரையாளராக விரும்பினால் மேற்படிப்பு கட்டாயம், ஆனால் இடங்கள் குறைவு. என் யோசனை, வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு பகுதிநேரமாகப் படிக்கட்டும். கடன்பட்டுப் படிப்பிக்க வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று மறிக்கவும் வேண்டாம் ஐயா. வன்னியில் இருந்து இந்தக் கேள்விகளோடு போகிற பிள்ளைகள் மிகக் குறைவு, அவர்களில் ஒருத்தி உங்கள் வீட்டில் இருக்கிறாள்.

நெடுங்கேணி: ஈழத்தில் இதற்கு முன்னோடிகள் உண்டா?

நல்ல முன்னோடிகளே உண்டு. விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் கலாநிதிப் பட்டம் செய்தவர்கள். தொம்சன் கிரேக்க நாடகத்தையும் ஆதி கிரேக்க மெய்யியலையும் மார்க்சிய நோக்கில் சேர்த்து ஆராய்ந்தவர். அவரிடம் பயின்ற இருவரும் சங்கப் பாடலையும் தமிழ் நாடகத்தையும் சமூக வரலாற்றோடு வைத்துப் படித்தார்கள். அதற்கு எதிர்முனையில் புங்குடுதீவில் எழுத்தாளர் மு. தளையசிங்கம். 1973இல், நாற்பது வயதாகும் முன்பே இறந்துவிட்டார். இலக்கிய வடிவங்களையே தாண்டிப் போகும் ஓர் எழுத்தை 'மெய்யுள்' என்று அவர் முன்வைத்தார். கைலாசபதி மரபை விட்டு அவர் எங்கே, ஏன் பிரிந்தார் என்பதே ஒரு முழு ஆய்வேட்டுக்குப் போதும். கட்சி பிரித்துச் சண்டை பிடிக்காமல் இருவரின் வாதங்களையும் நிதானமாக எடுத்து வைக்கும் ஆளை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பரந்தன்: 2009இல் முடிந்த இறுதிப் போரைப் பற்றிய எழுத்துகளை இப்படி ஆராயலாமா? மனம் தாங்குமா என்று பயமாக இருக்கிறது.

தம்பி, ஆராயலாம். அவசரப்பட வேண்டாம்.

ஜேர்மனியில் மெய்யியலாளர் அடோர்னோ, நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் பின் கவிதை எழுதுவது காட்டுமிராண்டித்தனம் என்று எழுதினார். 1966இல் அவரே அதைத் திருத்திக்கொண்டார்: சித்திரவதைப்படுகிறவனுக்கு அலற எவ்வளவு உரிமை உண்டோ, தீராத துன்பத்துக்கும் தன்னைச் சொல்ல அவ்வளவு உரிமை உண்டு. அந்த இரண்டு நிலைக்கும் நடுவில்தான் உங்கள் கேள்விகள் இருக்கும். சாட்சியம் எப்போது இலக்கியமாகிறது? அழகாகச் சொல்வது துன்பத்துக்குச் செய்யும் துரோகமா? உயிரோடு இல்லாதவர் சார்பில் 'நான்' என்று எழுத யாருக்கு உரிமை?

அச்சில் வந்த நூல்களோடு நில்லுங்கள் என்பது என் விருப்பம். ஆட்களிடம் போய்க் கதைப்பதென்றால் பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், சொன்னவர் பின்பு வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். உங்கள் வீட்டிலும் இழப்பு இருந்தால் அதை மேற்பார்வையாளரிடம் முதலே சொல்லுங்கள். இடையில் நிறுத்த வேண்டி வந்தால் நிறுத்துங்கள். ஆய்வேடு காத்திருக்கும்.

துணுக்காய்: நூல்கள் கிடைக்காது. வெளிநாடு போகவும் வழி உண்டா?

ஈழத்து நூல்களுக்கும் பழைய சஞ்சிகைகளுக்கும் நூலகம் இணையத்தளம், பழந்தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டம், மெய்யியலுக்கு ஸ்டான்ஃபோர்ட் கலைக்களஞ்சியம். மூன்றும் இலவசம், கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். வெளிநாடு என்றால் அமெரிக்காவில் பர்டியூ, இங்கிலாந்தில் வாரிக் ஆகியவை இரண்டையும் இணைப்பதில் பெயர் பெற்றவை. கிட்ட என்றால் கொல்கத்தாவில் ஜாதவ்பூர், 1956இல் இருந்து ஒப்பிலக்கியத்துறை அங்கே இருக்கிறது. இந்திய அரசின் ஐசிசிஆர் புலமைப்பரிசிலுக்கும் பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கும் அறிவித்தல் வரும்போது விண்ணப்பியுங்கள்.

பூநகரி: 'தமிழ் இலக்கியத்தில் மரணம்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். சரியா அக்கா?

இது ஓர் ஆயுளுக்கான தலைப்பு, இரண்டு வருடத்துக்குப் பெரிது. சுருக்குங்கள். புறநானூறு 194ஐ எடுங்கள், பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஏழே வரி. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. இப்படி ஓர் உலகைப் படைத்தவன் 'பண்பிலாளன்' என்கிறார் புலவர். உலகம் இன்னாதது என்கிறார். உடனே, 'இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே' என்று முடிக்கிறார்.

உலகம் கொடியது என்ற முன்கூற்றில் இருந்து, ஆகவே இனியதைக் காணுங்கள் என்ற முடிவு எப்படி வருகிறது? இடையில் சொல்லாமல் விட்ட படி எது? 'இனிய' என்று அவர் சொல்வது இந்த வாழ்வின் இன்பங்களையா, இதைத் தாண்டிய ஒன்றையா? படைத்தவனைப் பழித்தபின் 'இயல்பு' என்று எதைச் சொல்கிறார்? தருக்கமாக அந்தப் படியை நிரப்பப் பாருங்கள். முடியாமல் போனால், பறையையும் முழவையும் ஒரே மூச்சில் கேட்க வைத்து அவர் எதைச் சாதித்தார் என்று பாருங்கள். இரண்டு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள், உங்கள் ஆய்வு முன்மொழிவை அதிலிருந்து சேர்ந்தே எழுதுவோம்.