மக்காச்சோளத் தட்டில் 5-ஆம் நாள் பூஞ்சை

மாட்டுத் தீவனத்துக்காக மண்ணில்லாமல் தட்டில் முளைக்கவைத்த மக்காச்சோளத்தில் ஐந்தாம் நாள் பூஞ்சை வந்ததாகவும், 3×1.5 அடித் தட்டில் 3 கிலோ விதை போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறே அங்கேதான். 2 கிலோ போதும். நெருக்கினால் அடியில் காற்றோட்டமின்றிச் சூடேறிப் புளித்துவிடும். கையை வேருக்கடியில் விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரியும்.

வேரைச் சுற்றிய பஞ்சு போன்ற வெண்மை, தண்ணீர் தெளித்ததும் படிந்தால் அது வேரில் இயல்பாக வரும் மெல்லிய தூவிதான், பயமில்லை. விதைகளை வலைபோல் பின்னி, சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறி வாடை அடித்தால் பூஞ்சை. அந்தத் தட்டை முழுசாகக் கொட்டிவிடுங்கள். மேல்தழையை மட்டும் அறுத்துப் போடுகிற வேலை வேண்டாம், நஞ்சு மாட்டுக்குப் போகும்.

அடுத்த முறை உடைந்த விதையைப் பொறுக்கி எறியுங்கள். மருந்து தடவிய விதைச்சோளம் கூடவே கூடாது. 10 லிட்டர் தண்ணீரில் 30 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரில் அரை மணி நேரம் விதையைப் போட்டு, வாடை போகும்வரை அலசுங்கள். பிறகு 12 மணி நேரம் ஊறல், ஒரு நாள் ஈரச்சாக்கில் முளைகட்டு. தட்டையும் அதே கரைசலில் தேய்த்து வெயிலில் காயவையுங்கள்.

தட்டு ஒரு பக்கம் சரிந்திருக்க வேண்டும், தண்ணீர் வடியும் ஓட்டை அடைபடக்கூடாது. தெளிப்பு சில நொடிகள் போதும், அடிக்கடி.

ஒரு கிலோ விதைக்கு 5 கிலோ பசுந்தீவனம் வந்தாலும் பெரும்பகுதி தண்ணீர்தான், உலர்தீவனத்தைக் குறைக்காதீர்கள்.