கரும்பொருளைத் தேடுவது ஓர் உத்தியோகமா?

அன்பின் அக்கா,

நாங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறாள். உயிரியல் பிரிவு எடுத்து டொக்டருக்குப் படி என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறோம். அவளோ கணிதப் பிரிவுதான் எடுப்பேன், நட்சத்திரக் கூட்டங்களான கலக்ஸிகளையும் கரும்பொருளையும் ஆராய்கிற வானியலாளராக வரப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "ஒருத்தரும் கண்ணால காணாத சாமானைத் தேடுறதும் ஒரு உத்தியோகமா?" என்று என் அண்ணன் கேட்கிறார். இரவிரவாக மலை உச்சியில் நிற்கிற வேலை பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிவருமா? நாளைக்குக் கலியாணம் கட்டினால் பிள்ளை குட்டியோடு இதைச் செய்ய ஏலுமா? நீங்கள் சொன்னால் கேட்பாள்.

– ஒரு தாய்

அன்பின் தங்கச்சி,

கணிதப் பிரிவை எடு என்றுதான் உங்கள் மகளிடம் சொல்லுவேன். அவளுடைய ஆசைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் அண்ணனின் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது, அதனாலும்தான்.

வேரா ரூபின் என்று ஒரு பெண். 1928இல் அமெரிக்காவில் பிறந்தவர். 1948இல் வானியலில் பட்டம் முடித்துவிட்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குக் கேட்டார். வானியலில் பெண்களை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கதவு 1975இல்தான் திறந்தது. கோர்னெலில் முதுமாணி முடித்து, ஜோர்ஜ்டவுனில் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்ந்தபோது ஒரு பிள்ளை கையில், அடுத்தது வயிற்றில். வகுப்புகள் இரவில். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் வேலையால் வந்து, வகுப்புக்குக் கூட்டிக்கொண்டுபோய் விட்டு, முடியும்வரை காருக்குள்ளேயே இருந்து இரவுச் சாப்பாட்டைச் சாப்பிடுவார். பிள்ளைகளை ரூபினின் அம்மாவும் அப்பாவும் பார்த்துக்கொண்டார்கள். 1954இல் கலாநிதியானார். மொத்தம் நான்கு பிள்ளைகள், நால்வரும் பின்னாளில் கலாநிதிகள்.

பிள்ளை குட்டியோடு ஏலுமா என்றால், ஏலும். ஆனால் காருக்குள் இருந்து சாப்பிட்ட அந்த மனிசனைப் போல ஒருவர் வேண்டும். பிள்ளைகளை வைத்திருக்க ஒரு தாயும் வேண்டும். அந்தத் தாய் நீங்கள்தானே.

சரி, காணாத சாமானுக்கு வருவோம். 1960களில் வானியலாளர்கள் பலர் குவாசார்கள் என்கிற, மிகத் தூரத்தில் பிரகாசமாக ஒளிரும் பொருள்களின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த நெரிசல் ரூபினுக்குப் பிடிக்கவில்லை. யாரும் வந்து இடிக்காத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: ஒரு கலக்ஸியின் விளிம்பில் இருப்பவை எவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன? விடை எல்லோருக்கும் தெரிந்ததாகவே இருந்தது. சூரியனுக்குக் கிட்ட இருக்கிற புதன் செக்கனுக்கு 47 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. தூரத்தில் இருக்கிற நெப்டியூன் ஐந்து கிலோமீற்றர் சொச்சம்தான். கலக்ஸியிலும் வெளிச்சமெல்லாம் நடுவில் குவிந்திருக்கிறது, நிறையும் அங்கேதான் என்று நினைத்தார்கள். ஆகவே விளிம்புக்குப் போகப் போக வேகம் குறையத்தான் வேண்டும்.

கென்ட் ஃபோர்ட் என்பவர் செய்த நிறமாலைக் கருவி ஒன்று அப்போது கைக்கு வந்தது. வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து, மங்கலானதையும் பெருக்கித் தருகிற கருவி. அதைத் தொலைநோக்கியில் பூட்டி, அன்ட்ரோமீடா கலக்ஸியில் ஒளிரும் வாயு முகில்களை இருவரும் ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். நம் பக்கம் வருகிற முகிலின் ஒளிக்கோடு நீலப் பக்கம் சற்று நகர்ந்திருக்கும், விலகிப் போவதன் கோடு சிவப்புப் பக்கம். கண்ணாடித் தகட்டில் பதிந்த அந்தக் கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் வேகம் கிடைத்துவிடும். ஒரு முகில், ஒரு கோடு, ஓர் எண். இப்படி 67 முகில்கள். 1970இல் வெளியிட்டார்கள். விளிம்பிலும் வேகம் எதிர்பார்த்தபடி விழவில்லை, செக்கனுக்கு 200 கிலோமீற்றருக்கு மேலேயே நின்றது. ஒன்றில்தானே இப்படி என்று யாரும் சொல்ல முடியாதபடி, 1980இல் 21 சுருள் கலக்ஸிகளின் அளவீட்டை முன்வைத்தார்கள். எல்லாவற்றிலும் அதே கதை.

அந்த வேகத்தில் ஓடுகிறதைப் பிடித்து வைத்திருக்க, கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களின் நிறை போதாது. தெரியாமல் இருக்கிற அந்த மிச்ச நிறையைத்தான் கரும்பொருள் என்கிறார்கள். இரவில் நம் வாவியில் தோணி தெரியாது, அதில் இருக்கிற லாம்பு மட்டும் தெரியும். லாம்பு போகிற போக்கை வைத்து அதைச் சுமக்கிற தோணியைப் பற்றிச் சொல்லலாம். அதைத்தான் ரூபின் செய்தார். 1933இலேயே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கலக்ஸிக் கூட்டமொன்றில் இதே குறையைக் கண்டு சொல்லியிருந்தார், அப்போது பெரிதாக யாரும் எடுக்கவில்லை. ரூபினின் எண்களுக்குப் பிறகு அப்படித் தட்டிவிட முடியவில்லை. பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு கரும்பொருள் என்பது இன்றைய கணக்கு.

அது என்ன துகள் என்று இதுவரை யாரும் பிடிக்கவில்லை. ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டியிருக்குமோ என்ற பக்கத்தையும் ரூபின் திறந்தே வைத்திருந்தார். எனக்கு அவரில் மிகவும் பிடித்தது இதுதான். விளக்கம் நாளைக்கு மாறினாலும் அவர் அளந்த வேகம் மாறாது. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்: காணாததை நம்புவது வேறு, கண்டதை ஒழுங்காக அளந்து அதற்குக் காரணம் கேட்பது வேறு. இது இரண்டாவது.

கலக்ஸிகள் எப்படி வளர்ந்தன என்பதும் இதே வேலையின் மறுபக்கம். கரும்பொருளின் ஈர்ப்பில் வாயு சேர்ந்துதான் கலக்ஸிகளே உருவாகின்றன. அறுபது வயதைத் தாண்டியபிறகு, 1992இல், என்ஜிசி 4550 என்ற கலக்ஸியில் பாதி நட்சத்திரங்கள் ஒரு பக்கமாகவும் மீதிப்பாதி எதிர்ப்பக்கமாகவும் சுற்றுவதை ரூபின் கண்டுபிடித்தார். வெளியிலிருந்து வந்து சேர்ந்ததை அந்தக் கலக்ஸி தன்னோடு இணைத்துக்கொண்டதன் தடயம் அது. அறுபதிலும் இப்படி ஆச்சரியப்பட வைக்கிற உத்தியோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நம் மொழிக்காரர் ஒருவரும் இருக்கிறார். கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன் இப்போது யேல் பல்கலைக்கழகத்தில், ஈர்ப்பால் ஒளி வளைவதை வைத்துக் கரும்பொருள் எங்கெங்கே இருக்கிறதென்று வரைபடம் போடுகிறார்.

மலை உச்சிப் பயம் வேண்டாம். இன்று பெரும்பாலான வேலை கணினியில்தான். சிலியில் ரூபினின் பெயரிலேயே உள்ள ஆய்வகம் 2025இல் முதல் படங்களை வெளியிட்டது. அதன் கமெரா 3,200 மெகாபிக்சல். அது குவிக்கப்போகிற தரவைப் பார்க்க ஆட்கள் வேண்டும். பாதை இதுதான்: உயர்தரத்தில் கணிதப் பிரிவு, பிறகு பௌதிகவியல் பட்டம் (வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே விஞ்ஞான பீடம் இருக்கிறது), அப்புறம் புலமைப்பரிசிலோடு வெளிநாட்டில் கலாநிதிப் படிப்பு. வானியலில் பதவிகள் குறைவு, அதை மறைக்கமாட்டேன். ஆனால் அதற்காகப் படிக்கிற கணிதமும் புரோகிராமிங்கும் வேறு எங்கேயும் சோறு போடும்.

அதுவரைக்கும் இரண்டு வேலை சொல்கிறேன். 'கலக்ஸி சூ' என்ற இணையத் திட்டத்தில் கலக்ஸிப் படங்களை யாரும் வகை பிரித்துக் கொடுக்கலாம், போனிலேயே முடியும், காசு இல்லை. 2007இல் நெதர்லாந்துப் பாடசாலை ஆசிரியை ஒருவர் அதில் ஒரு புது வகைப் பொருளையே கண்டுபிடித்தார்.

மற்றது, அன்ட்ரோமீடாவைக் கண்ணால் பார்ப்பது. கார்த்திகையில் பார் என்று புத்தகங்கள் சொல்லும், அப்போது நமக்கு மாரி. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கென்று எழும்புவீர்கள் அல்லவா, அன்றைக்கு விடிய மூன்றரை மணிபோல வளவுக்குள் லைட்டை அணைத்துவிட்டு வடக்கே பார்த்து நில்லுங்கள். பூரட்டாதியின் இரண்டும் உத்தரட்டாதியின் இரண்டும் சேர்ந்த பெரிய சதுரம் உச்சிக்குக் கிட்ட நிற்கும். அதன் வடகிழக்கு மூலையிலிருந்து வெளியே வந்து இரண்டாவது நட்சத்திரத்தில் இடப்பக்கமாகக் கீழே திரும்பினால் இரண்டு மங்கல் நட்சத்திரங்கள், அதை ஒட்டி ஒரு புகைத் திட்டு. 25 இலட்சம் ஒளியாண்டு தூரம். அண்ணனையும் எழுப்பிக் காட்டுங்கள்.